ஏழு பானைக்கும் ஒரே திருகு

சாந்தா இரியா நகராட்சியில் கட்டட அனுமதி வாங்கப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களோடு போக வேண்டும். ஒன்று வரைபடம், இன்னொன்று பொறுமை. வரைபடம் நகராட்சிக்கு. பொறுமை ஜுல்மிராவுக்கு.

ஜுல்மிரா போர்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷமாக அந்த அலுவலகத்தின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். மனுவை வாங்கி, சரிபார்த்து, எண் போட்டு உள்ளே அனுப்புவதுதான் அவளுடைய வேலை. அதோடு நிறுத்திக்கொண்டால் அவள் ஜுல்மிராவே இல்லை. "குளியலறைக்கு எதுக்கு ரெண்டு கதவு?" என்று ஒருவரிடம் கேட்டாள். மாமியார் முன்னறையில் உட்கார்ந்திருக்கும்போது பின்பக்கமாக நழுவத்தான் என்று அந்த மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார். சிரித்து முடித்துவிட்டு, அந்தக் கதவு திறந்தால் வாஷ் பேசினில் இடிக்கும் என்று பென்சிலால் காட்டி அனுப்பினாள். ஊரில் பாதிப் பேர் அவளைத் திட்டுவார்கள். திட்டுகிறவர்களும் அடுத்த முறை அவள் வரிசையில்தான் நிற்பார்கள்.

தெரிந்துகொள்ளும் ஆசை அவளுக்கு ஒரு பசி மாதிரி. சொந்த விவாகரத்து மனுவையே வரிக்கு வரி படித்து, இந்த இடத்தில் ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று வக்கீலைத் துளைத்தவள். போர்பா என்ற பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பும் படிவத்தை அவளே பூர்த்தி செய்தாள், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அந்த வருஷம் ஜனவரியில் ஊருக்குப் புதுக் கட்டட விதி வந்தது. கடல் கரையைத் தின்று தின்று பழைய பாறைச் சாலை பாதி காணாமல் போயிருந்தது. செப்டம்பர் வந்தால் காட்டுத்தீப் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. நம் பங்குக்கு நாமும் கரிப்புகையைக் கொஞ்சம் குறைக்க வேண்டாமா என்று நகரசபையில் இரண்டு வருஷம் சண்டை போட்டுத்தான் அந்த விதியைக் கொண்டுவந்தார்கள். புதிதாகக் கட்டுகிற கட்டடத்தில் அடுப்பு, வெந்நீர், சூடேற்றி எல்லாம் மின்சாரத்தில் ஓடினால் எரிசக்திச் சிக்கனத்துக்கான வழக்கமான மதிப்பெண் போதும். கேஸ் குழாய் வேண்டுமென்றால் தடையில்லை. ஆனால் சுவர், கூரை, ஜன்னல் எல்லாவற்றிலும் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டும். நாளைக்கு மின்சாரத்துக்கு மாறுவதற்கான வயரையும் இப்போதே இழுத்து வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஊருக்குள் அது "அடுப்பைப் பிடுங்க வர்றாங்களாம்" என்று பரவியது.

மேசை மேல் ஒரு நூலில் குளிர்பெட்டிக் காந்தம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள் ஜுல்மிரா. "உங்க பாத்திரத்துல ஒட்டிப் பாருங்க. ஒட்டினா இண்டக்‌ஷன் அடுப்பு ஏத்துக்கும். ஒட்டலன்னா ஏத்துக்காது" என்பாள். பாத்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அலுவலகம் பாத்திரக் கடையாகிவிட்டது என்று மேலதிகாரி முணுமுணுத்தார்.

அதே ஜனவரியில் ஒரு புயல் அடித்தது. திருவிழா மண்டபத்தின் பின்னால் நின்ற பெரிய யூகலிப்டஸ் மரம் நேராகச் சமையல்கட்டின் மேல் விழுந்தது. மண்டபத்துக்குக் கீறல்கூட இல்லை. சமையல்கட்டு மட்டும் அப்பளமாகிப் போனது.

சாந்தா இரியாவில் போர்ச்சுகீசியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் அந்தக் காலத்தில் மாடு வளர்த்தன. இப்போது மாடுகள் இல்லை, குடும்பங்கள் இருக்கின்றன. தூய ஆவித் திருநாளில் ஆவியின் அடையாளமான வெள்ளிக் கிரீடத்தை ஊர்வலமாகக் கோவிலுக்குக் கொண்டுபோய், திரும்பி வந்ததும் மண்டபத்தில் சோப்பாஸ் போடுவார்கள். மாட்டிறைச்சியும் முட்டைகோஸும் பட்டை, கிராம்பு, ஒயினோடு மணிக்கணக்கில் கொதித்த சாறு அது. ரொட்டித் துண்டின் மேல் ஊற்றி, ஒரு புதினாக் கொத்து போட்டுக் கொடுப்பார்கள். யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. பெயரும் கேட்க மாட்டார்கள், சாமி கும்பிடுகிறவரா என்றும் கேட்க மாட்டார்கள். ஏழு பானைகள், ஏழு குடும்பங்களின் பெயரில். அந்த ஏழுக்கும் நெருப்பு கொடுப்பவர் ஜுல்மிராவின் அண்ணன் ஜெர்மானோ. ஊரில் சிலிண்டர் கேஸ் வியாபாரம் அவருடையது. லாரியில் ஒரு பெரிய டேங்க்கைக் கொண்டுவந்து மண்டபத்தின் பின்னால் நிறுத்துவார். இது அவருடைய வேண்டுதல். மகன் அதெலினோ நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது. ஊருக்கே தெரியும்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை ஜெர்மானோ வரைபடத்தோடு வந்து நின்றார்.

"ஜுல்மி, இதுல ஒரு சீல் அடிச்சுக் குடு. லாரியை வெளிய ரோட்டுல நிறுத்தியிருக்கேன்."

அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். "என்ன அண்ணே, 'பழுது பார்த்தல்'னு போட்டிருக்கு?"

"மரம் விழுந்துச்சு. பழுது பாக்கறோம்."

"சுவரே இல்லியே. எதைப் பழுது பாக்கறீங்க, காத்தையா?"

"கிண்டல் எல்லாம் அப்புறம் வச்சுக்க. பழுதுன்னா பழைய விதி. புதுசுன்னா உங்க புது விதி. ஒரு வார்த்தைதானே? நீ கண்ணை மூடிக்க, நான் போயிட்டே இருக்கேன்."

"கண்ணை மூடிக்கிட்டு உட்காரவா என்னை இங்க வச்சிருக்காங்க? அஸ்திவாரத்துலேர்ந்து எல்லாம் புதுசு. கேஸ் வேணும்னா தாராளமா போட்டுக்க, யாரும் தடுக்கல. ஆனா வரைபடத்தைத் திரும்பப் போடணும், கூரையை மாத்தணும். திருவிழாவுக்குள்ள முடியாது. மின்சார அடுப்புன்னா இதே வரைபடம் போதும். மே மாசம் சமைக்கலாம்."

"மின்சாரமா?" ஜெர்மானோவின் குரல் ஏறியது. வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். "அப்ப நான் எதுக்கு? என் வேண்டுதல் எதுக்கு? நேர்ந்ததை நிறுத்தினா என் பையனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீ கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா? அதுக்கு ஏதாவது படிவம் வச்சிருக்கியா?"

எல்லாவற்றுக்கும் படிவம் வைத்திருக்கிற ஜுல்மிராவிடம் அதற்கு மட்டும் படிவம் இல்லை. சொந்த அண்ணனின் மனுவில் அவள் கை வைக்கக் கூடாது. அதனால் கோப்பை எடுத்துப் பக்கத்து அறையில் வரைபடம் சரிபார்க்கும் டுயென்னிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது, "அந்த முதல் வார்த்தையைப் பாரு" என்று மட்டும் சொன்னாள். டுயென் பார்த்தாள். பழுது பார்த்தல் என்பதைச் சிவப்பில் சுழித்துக் கோப்பைத் திருப்பி அனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெர்மானோ கோவிலில் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தார். நாற்பது வருஷமாக ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். தொலைபேசியை எடுக்கவில்லை. மண்டபத்தை விட்டே விலகப் போகிறார் என்று பேச்சு வந்தது. அவர் விலகினால் அவர் பக்கத்து நாலு குடும்பமும் விலகும். அதற்கப்புறம் ஏழு பானை ஏது, திருவிழா ஏது? இவளுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. விதி தப்பா, வேண்டுதல் தப்பா என்று யோசித்து இரண்டிலும் தப்பில்லை என்றுதான் பட்டது. பிறகு எங்கேதான் இடிக்கிறது?

அவளுக்குக் கவலைப்படத் தெரியாது. கவலை வந்தால் எதையாவது ஆராயத் தொடங்கிவிடுவாள். நகர நூலகத்தில் புத்தகத்தோடு புத்தகமாக இண்டக்‌ஷன் அடுப்பும் இரவல் கொடுக்கிறார்கள், மூன்று வாரத் தவணையில். ஒன்றை வாங்கிவந்து வீட்டில் சோப்பாஸ் வைத்துப் பார்த்தாள். ருசியில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் கொதிக்கும் வேகத்தைப் பார்த்து, கடிகாரம் நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தாள். அப்புறம் காந்தத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்துக் கிடங்குக்குப் போனாள். ஏழு பானைகளும் மரத்துக்குத் தப்பித்து அங்கே கவிழ்ந்து கிடந்தன. ஆறு பானைகளில் காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஏழாவது ஓர்மோந்தே குடும்பத்தின் பானை. அதில் காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது. சுத்த அலுமினியம். எங்கள் பானைதான் ஊரிலேயே உயர்ந்தது என்று ஐம்பது வருஷமாக மார்தட்டிக்கொண்ட குடும்பம். இதை யார் போய்ச் சொல்வது என்று நினைத்தபோதே ஜுல்மிராவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதம் முழுவதிலும் அவள் சிரித்தது அப்போதுதான்.

அடுத்த இடி டுயென்னிடமிருந்து வந்தது. மண்டபக் குழுவில் மற்றவர்கள், ஜெர்மானோவுக்குத் தெரியாமல், மின்சார அடுப்புக்கே ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, இது தேறாது" என்றாள் டுயென். "ஏழு அடுப்பும் முழு வேகத்துல ஓடினா மண்டபத்துக்கு வர்ற லைன் தாங்காது. பெரிய லைன் கேட்டா மின்சாரக் கம்பெனி அடுத்த வருஷம் பாக்கலாங்குது."

"ஏழும் எதுக்கு ஒண்ணா ஓடணும்?"

"அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. 'வழக்கப்படி எல்லாம் ஒரே நேரத்தில்'னு. ஏன்னு நான் எப்படிக் கேக்கறது? உங்க ஊர் சாமி சமாச்சாரம்."

"கொதி வந்தப்புறம் எவ்வளவு இழுக்கும்?"

"அதுல அஞ்சுல ஒரு பங்குகூட இருக்காது. ஒரு சமயத்துல மூணுக்கு மேல முழு வேகத்துல போகாதபடி தடுக்கற பெட்டி ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா இப்ப இருக்கற லைனே போதும். நான் சந்தோஷமா கையெழுத்துப் போடுவேன். ஆனா வேகத்தை ஒவ்வொண்ணா ஏத்தணும், ஒவ்வொண்ணா இறக்கணும். ஒரு ஆள் அங்கேயே நின்னு பாக்கணும்."

ஏன் ஏழும் ஒரே நேரத்தில்? இந்தக் கேள்வியோடு ஜுல்மிரா ஊரைச் சுற்றினாள். தூய ஆவியின் கொடைகள் ஏழு, அதனால்தான் என்றார் பங்குத்தந்தை. கொடைகள் ஒரே நேரத்திலா வருகின்றன என்று இவள் கேட்டதற்கு அவர் நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். ஒரு பானை முந்தினால் மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள் என்றார் பலசரக்குக் கடை சில்வேரா. இதில் உண்மை இல்லாமலில்லை. "எப்பவும் அப்படித்தான்" என்றார்கள் மற்றவர்கள். ஜுல்மிராவுக்கு உலகத்திலேயே பிடிக்காத பதில் அதுதான்.

கடைசியில் அண்ணி தெயோலிந்தாவைச் சந்தையில் பிடித்தாள். கணவன் பேசவில்லை என்பதற்காகத் தானும் பேசாமலிருக்கிற ஜாதி இல்லை தெயோலிந்தா.

"இதுக்கா ஊரைச் சுத்தறே? உங்க அண்ணன் டேங்க்ல ஒரே ஒரு திருகுதானே இருக்கு? அதைத் திறந்தா ஏழும் எரியும், மூடினா ஏழும் அணையும். இதுல சாமியும் இல்ல, பூதமும் இல்ல."

ஜுல்மிரா கையிலிருந்த முட்டைகோஸைக் கீழே வைத்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். டேங்க் திறந்திருந்தா பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்னு தீயணைப்புக்காரங்க சட்டம். அந்த மூடுபனியில மண்டபத்துக்குப் பின்னால தனியா நிப்பாரு, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும். அப்புறம் வீட்டுக்கு வந்து ரொட்டியும் சீஸும் தின்னுட்டுப் படுத்துடுவாரு."

"சோப்பாஸ்?"

"அவரு எங்க சோப்பாஸ் சாப்பிட்டாரு? பையனுக்குக் காய்ச்சல் வந்த வருஷத்துலேர்ந்து வாயில வச்சதில்ல. கேட்டா வயிறு சரியில்லம்பாரு. வருஷா வருஷம் அதே நாள்ல வயிறு சரியில்லாம போகுமா? நான் கேக்கறதை விட்டுட்டேன்."

ஜுல்மிரா அங்கேயே நின்றுவிட்டாள். ஊரில் யார் வீட்டுக் குளியலறைக்கு எத்தனை கதவு என்று தெரியும். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று தெரியும். இருபத்தேழு திருவிழாவில் பரிமாறியிருக்கிறாள். சொந்த அண்ணன் ஒரு தடவைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது அவள் கண்ணில் படவே இல்லை. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

நேராக அண்ணனின் கிடங்குக்குப் போனாள். ஜெர்மானோ சிலிண்டர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"முதுகோடயே பேசறேன், பரவாயில்ல" என்றாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன நேர்ந்துக்கிட்ட? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு."

"அது எனக்கும் கடவுளுக்கும்."

"கடவுளுக்கு ஏற்கெனவே தெரியும். எனக்குத்தான் தெரியாது. இத்தனை வருஷமா கேக்காதது என் தப்பு. இப்பக் கேக்கறேன், சொல்லு அண்ணே."

ஜெர்மானோ ஒரு காலி சிலிண்டரைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"பையனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க. கத்தினான். அப்புறம் கத்தவும் இல்ல. அதுதான் பயமா இருந்துச்சு. நான் வராந்தாவுல சுவரைப் பாத்து நின்னேன். இவன் கண்ணைத் திறந்தா, திருநாள் அன்னைக்கு இந்த ஊர்ல ஒருத்தன்கூட ஆறின சோறு திங்க மாட்டான், நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். கடைசி ஆள் சாப்பிடற வரைக்கும் அடுப்பை விட்டு நகர மாட்டேன், நானும் சாப்பிட மாட்டேன்னு சொன்னேன். மறுநாள் காலையில கண்ணைத் திறந்து தண்ணி கேட்டான்."

"அந்த வருஷம் மண்டபத்துல என்ன அடுப்பு?"

"விறகு."

"கேஸ் எப்ப வந்துச்சு?"

"நாலு வருஷம் கழிச்சு. நான் இந்த வியாபாரத்துல இறங்கினப்ப." பதில் சொன்ன பிறகுதான் தங்கை எங்கே இழுத்துக்கொண்டு போகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. முகத்தைச் சுளித்தார். "உன்னை வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்."

"விறகை விட்டுக் கேஸுக்கு மாறினப்ப யார்கிட்ட உத்தரவு வாங்கின?"

"யார்கிட்டயும் வாங்கல."

"பையனுக்கு ஏதாவது ஆச்சா?"

"முப்பத்தொரு வயசுல ஓரிகன்ல மீன் பிடிக்கறான். அதுதான் ஆச்சு."

"அதோட இன்னொண்ணு. அடுப்பை விட்டு நகர மாட்டேன்னு சொன்ன. ஆனா கேஸ் வந்ததுலேர்ந்து நீ அடுப்பு பக்கத்துல நின்னதே இல்ல. வெளிய டேங்க் பக்கத்துலதான் நிக்கறே. நடுவுல ஒரு சுவர்."

அவள் சும்மா சீண்டத்தான் அப்படிச் சொன்னாள். ஜெர்மானோவின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப இத்தனை வருஷமும் தப்பாவா பண்ணிட்டேன்?" என்று சின்னக் குரலில் கேட்டார். அறுபத்து மூன்று வயது மனிதர். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் யார் கையையும் பிடிப்பதில்லை.

"உன் மனசு தெரிஞ்சவர்தான் பையனை விட்டு வச்சிருக்காரு. அதை விடு. இப்ப ஒரு பெட்டி வரப்போவுது. ஏழு அடுப்புக்கும் ஏழு திருகு சாவி. மூணுக்கு மேல முழு வேகத்துல ஓடாது. எது முதல்ல, எதை எப்ப இறக்கறதுன்னு காலையிலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு ஆள் அடுப்பு பக்கத்துலயே நிக்கணும். அடுப்பு பக்கத்துல, அண்ணே. உள்ள. அந்த ஆள் இல்லன்னா டுயென் கையெழுத்துப் போட மாட்டா."

"நெருப்பே இல்லாத அடுப்பு" என்றார் ஜெர்மானோ.

"சூடு இருக்கு. ஆறின சோறு கூடாதுன்னுதானே நேர்ந்துக்கிட்ட?"

"போ. எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்துவிட்டார். அவள் போனாள்.

மறு திங்கட்கிழமை காலையில் ஜெர்மானோ அலுவலகத்துக்கு வந்தார். ஜுல்மிராவின் மேசையைத் தாண்டி நேராக டுயென்னிடம் போனார். கோப்பின் முதல் பக்கத்தில் 'புதுக் கட்டடம்' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. திரும்பிப் போகும்போது முன்மேசையில் தொங்கிய காந்தத்தை ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போனார். அவர் பாணியில் அது சமாதானக் கொடி.

ஓர்மோந்தே குடும்பம் மூன்று நாள் கொதித்தது. பிறகு புது இரும்புப் பானை ஒன்றை வாங்கி, பழையதைவிடப் பெரிய எழுத்தில் பெயரைப் பொறித்துக் கொண்டுவந்து வைத்தது. எந்தப் பானை முதலில் என்ற சண்டைக்குத் தொப்பியில் சீட்டுப் போட்டார்கள். முதல் சீட்டு ஓர்மோந்தேவுக்கே விழுந்தது. அவர்கள் முகத்தில் ஓடிய வெளிச்சத்தைப் பார்த்து, தொப்பியைக் குலுக்கியது யார் என்று சில்வேரா இரண்டு தடவை விசாரித்தார்.

திருநாளன்று காலை ஐந்து மணிக்கு ஜெர்மானோ கறுப்புக் கோட்டும் டையுமாகப் பெட்டியின் முன் வந்து நின்றார். பக்கத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் ஏழு அடுப்புகள். சிலுவை போட்டுக்கொண்டு முதல் சாவியைத் திருகினார். எதுவும் எரியவில்லை. ஒரு சின்ன ரீங்காரம் மட்டும் கேட்டது.

"ஓடுதா இல்லியா? எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது?" என்றார்.

"பாக்காத. கேளு" என்றாள் ஜுல்மிரா.

அவர் குனிந்து பானையின் பக்கத்தில் காதை வைத்தார். உள்ளே தண்ணீர் முனகத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது, மூன்றாவது. நாலாவது சாவியைத் திருகியபோது ஒன்றும் நடக்கவில்லை. "கரண்ட் போச்சு!" என்று யாரோ கத்த, முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கத்தியோடு ஓடிவந்தார்கள். ஜெர்மானோ திருநாளுக்குப் பொருந்தாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு உடனே சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். மூன்று ஓடுகின்றன, ஒன்றை இறக்கினால்தான் நாலாவது ஏறும். ஓர்மோந்தே பானையில் காதை வைத்தார். கொதி வந்துவிட்டது. அதன் வேகத்தை இறக்கினார், நாலாவது உயிர் பெற்றது. ஏழரை மணிக்குள் ஏழும் தளதளவென்று கொதித்தன. ஒவ்வொரு பானையின் சத்தமும் அவருக்குப் பழகிவிட்டது. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உலவுவதைப் பார்த்தால் சாமியார் மாதிரி இருந்தது.

ஒன்றரை மணிக்குப் பந்தி. புதுச் சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் பரிமாறுவதற்கு அகலமாக ஒரு திறப்பு வைத்துக் கட்டியிருந்தார்கள். கேஸ் டேங்க் காலத்தில் ஜெர்மானோ மண்டபத்தின் பின்சுவரையும் லாரியின் டயரையும்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது எழுநூறு முகங்கள் தெரிந்தன. கண்ணாடியில் ஆவி படிந்து துடைக்கிறவர்கள், புதினாவைத் தனியே ஒதுக்குகிற குழந்தைகள், எங்கிருந்தோ வந்த சைக்கிள்காரர்கள். ஓரிகனிலிருந்து வந்திருந்த அதெலினோ இரண்டாவது தட்டுக்கு ரொட்டி கேட்டான். அவன் அதைச் சாப்பிடுவதை ஜெர்மானோ இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சாவியில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியது. ஆவி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

மூன்றரைக்குக் கூட்டம் கலைந்தது. பரிமாறினவர்களும் சாப்பிட்டு முடித்தார்கள். ஒவ்வொரு சாவியாக மூடிவிட்டு ஜெர்மானோ கோட்டை எடுத்தார்.

"எங்க போறே?" என்றாள் ஜுல்மிரா.

"வீட்டுக்கு. ரொட்டி இருக்கும்."

"நான் இன்னும் சாப்பிடல."

"என்னது?"

"கடைசி ஆள் நான்தான். அடுப்பை விட்டு நகராதே."

நூலகத்தின் சின்ன அடுப்பை மறுபடியும் இரவல் வாங்கி ஒரு மூலையில் வைத்திருந்தாள். அதன் மேல் ஒரு சின்னப் பானை சூடாக இருந்தது. ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள். அவசரமே படாமல் சாப்பிட்டாள். கடைசி ரொட்டித் துண்டால் கிண்ணத்தை வழித்து, அதையும் வாயில் போட்டுக்கொண்டாள். அவர் நின்றுகொண்டே பார்த்தார்.

"இப்ப எல்லாரும் சாப்பிட்டாச்சு" என்று இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். "உட்காரு."

ஜெர்மானோ கோட்டை மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஊதி ஒரு வாய் குடித்தார். மெல்ல விழுங்கினார். இன்னொரு வாய். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு கம்மியா இருக்கே?"

"எப்பவும் இதே உப்புதான்."

"இருபத்தேழு வருஷமாவா? எங்கிட்ட யாருமே சொல்லலியே?"

"நீ கேக்கலியே அண்ணே" என்றாள் ஜுல்மிரா. சொன்ன பிறகுதான் அது யாரைக் குத்துகிறது என்று அவளுக்குத் தைத்தது. எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.